வாதியும் பிரதிவாதியும் ஒரே ரயிலில்

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் புதுச் செயலாளராக வந்திருக்கும் தம்பி கெட்டிக்காரர். செல்போனில் ஒரு குழு ஆரம்பித்து, எல்லையில் இருக்கும் பையன்களின் இளம் மனைவிகளையெல்லாம் அதில் சேர்த்துவிட்டார். ஒருத்தி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி டாக்டர் பெயர் சொல்கிறாள். ஒருத்தி மாமியாரைப் பற்றிப் புலம்பினால் பத்துப் பேர் ஆறுதல் சொல்கிறார்கள். அவர் போன வாரம் வீட்டுக்கு வந்து, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்.

"அந்தக் காலத்துல ராணுவக் குடும்பங்களுக்குள்ள இருந்த நட்பு, ஆதரவு, அதப் பத்தி எழுதுங்க சார். இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு உற்சாகமா இருக்கும்."

உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். சிரித்துவிட்டுப் போனார். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துக்கொண்டார். சரி, எழுதித் தருகிறேன். போடுவதும் போடாததும் அவர் பாடு.

நான் பூதலூர்க்காரன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேறு வழி தெரியாமல் திருச்சியில் ஆள் எடுப்புக்குப் போய் நின்றேன். மார்பை அளந்தார்கள், ஓடச் சொன்னார்கள், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கிளார்க் ஆக்கிவிட்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு நினைவிருப்பது பசியும், இந்தி தெரியாமல் வாங்கிய வசவும்தான். அதன்பிறகு என் சர்வீஸ் முழுக்க டைப்ரைட்டருக்கு முன்னால்தான் கழிந்தது. யாருக்கு லீவு, யாருக்குப் பிரமோஷன், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் செத்தான் என்பதெல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். துப்பாக்கி பிடித்தவர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். லீவு வேண்டும் என்றால் மட்டும் 'அண்ணே' என்று வந்து நிற்பார்கள்.

எனக்கும் தனத்துக்கும் கல்யாணம் ஆனபோது நான் நாயக், சிப்பாய்க்கு மேல் பதவி. தனம் குத்தாலம் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா கோவிந்தன் அங்கே ஒரு பண்ணையாரிடம் ஆறு மா நிலம் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அதே வயல், அதே வாய்க்கால். தாய் இல்லாமல் அவர் வளர்த்த ஒரே மகள் தனம். அவளைப் பட்டாளத்துக்காரனுக்குக் கொடுத்தபோது ஊரில் எல்லாரும், மகளை வடக்கே அனுப்பிவிட்டு நாளைக்கு யார் வயலில் இறங்குவது என்று கேட்டார்கள். "நான் இருக்கேன்ல" என்றாராம் மனுஷன்.

பஞ்சாப் பக்கம் ஒரு கண்டோன்மெண்ட். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, கரி அடுப்பு, ஐந்தாறு வீட்டுக்குப் பொதுவாக ஒரு குழாய். குளிர்காலத்தில் அந்தக் குழாயைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் இருந்தவன் சேதுராமன், ஸ்டோரில் நாயக். இதில் என்ன அதிசயம் என்றால், இவன்தான் குத்தாலம் பண்ணையாரின் நான்காவது மகன். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடிவந்து பட்டாளத்தில் சேர்ந்தவன். என் மாமனார் செய்த ஆறு மாவும் அவன் வீட்டு நிலம்தான். என் மாமனார் அவன் வீட்டுக் குத்தகைக்காரர் என்பது எனக்கும் அவனுக்கும் முன்பே தெரியும். தனத்துக்கு நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் வரமாட்டாளோ என்று பயம்.

வந்த அன்றைக்கே குழாயடியில் பார்த்துவிட்டாள். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"சின்னய்யாங்களா" என்றாள்.

சேதுவுக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "இங்க என்ன சின்னய்யா. நான் நாயக், உன் வீட்டுக்காரரும் நாயக். தண்ணியப் பிடி" என்றான்.

அவன் மனைவி விசாலாட்சி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பட்டுக்கோட்டைக்காரர், தென்னந்தோப்புக் குடும்பம். வந்து ஆறு மாதமாக இந்தி தெரியாமல், ஒருவரோடும் பேசாமல், சுவரோடு பேசிக்கொண்டிருந்தவர். நேராக வந்து தனத்தின் கையிலிருந்த வாளியை வாங்கிக் குழாயடியில் வைத்தார்.

"இங்க பாரு, என்னை அம்மா ஆட்டுக்குட்டின்னெல்லாம் கூப்பிடாத. அக்கான்னு கூப்பிடு. தமிழ்ல பேசி எத்தன நாளாச்சு தெரியுமா? நீ எதாவது பேசு. எதுவா இருந்தாலும் பேசு."

தனம் பேசினாள். அன்றைக்கு ஆரம்பித்தவள் வருஷக்கணக்காகப் பேசினாள். எனக்கு ஆபீஸ், சேதுவுக்கு ஸ்டோர். எங்கள் இரண்டு பேரையும்விட அந்த இரண்டு பெண்களுக்குத்தான் ஒருவர் வீட்டுச் சங்கதி ஒருவருக்கு முழுசாகத் தெரியும்.

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யூனிட் எல்லைக்குக் கிளம்புமுன், குடும்பத்தைக் குவார்ட்டர்ஸில் விட்டுப் போகிறவன் ஒவ்வொருவனும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு குடும்பத்தின் பெயரைச் சொல்லவேண்டும். 'ஜிம்மா' என்பார்கள், பொறுப்பு என்று அர்த்தம். அந்த வீட்டில் அரிசி தீர்ந்தாலும் குழந்தைக்கு வாந்தி என்றாலும் போன ஆளைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தாலும் முதலில் தட்டுவது ஜிம்மா வீட்டுக் கதவைத்தான். நான் விசாலாட்சி பெயரைச் சொன்னேன். சேது தனத்தின் பெயரைச் சொன்னான். யோசிக்கவே இல்லை.

எல்லையில் போர் மூண்ட குளிர்காலத்தில் நாங்கள் போய்விட்டோம். தனம் நிறைமாதம். குழந்தை குறுக்கே திரும்பிவிட்டது. விசாலாட்சி தன் கைக்குழந்தையை ஒரு சர்தார்ஜி வீட்டில் போட்டுவிட்டு, ரேஷன் லாரியை நடுரோட்டில் நின்று மறித்து, தனத்தை மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆபரேஷனுக்கு உறவுக்காரர் யார் என்று டாக்டர் கேட்டபோது, "நான் இவ கூடப்பிறந்த அக்கா" என்று இந்தியில் சொன்னாராம். அவர் இந்தியில் உருப்படியாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்கு வந்தபிறகும் தனம் எழுந்திருக்க வெகுநாள் ஆயிற்று. பண்ணை வீட்டு மருமகள் என் மனைவியின் ரத்தத் துணிகளை அந்தப் பனித் தண்ணீரில் அலசிப் போட்டார். பூண்டு உரித்துப் பத்தியம் பண்ணிக் கொடுத்தார். என் மகளை முதலில் குளிப்பாட்டிய கை அவருடைய கைதான். இதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

போர் முடிந்தது. குழந்தையைக் காட்ட ஊருக்கு வந்தோம்.

ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்கு பார்த்தாலும் கொடி. கழகக் கொடி ஒரு பக்கம், செங்கொடி ஒரு பக்கம். கூலி நெல் கூடுதலாகக் கேட்டு அறுப்பு பாதியில் நிற்கும். பண்ணைகள் வெளியூர் ஆளை இறக்குவார்கள். வரப்பு ஓரமாகப் போலீஸ் வேன் நிற்கும். குத்தகைதாரர் பெயரை அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ளலாம், பதிவு செய்தால் பண்ணையார் நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. வந்து என்ன, பதிவு செய்யப் போகிறவன் வீட்டு வைக்கோல்போர் மறுநாள் இருக்குமா என்பது சந்தேகம். மாமனார் பயந்துகொண்டிருந்தார். நான்தான் அவரைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனேன். சீருடையோடு போனேன், வேண்டுமென்றே. பெயர் பதிவாயிற்று.

திரும்பும் வழியில் பண்ணையார் வில்வண்டியை நிறுத்தினார். மாமனார் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னா கோவிந்தா, மாப்ள பட்டாளமா?"

"ஆமாங்க."

"நல்லது. எங்க வீட்லயும் ஒரு பட்டாளத்தான் இருக்கான், தெரியும்ல" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். வண்டி போய்விட்டது. நலம் விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்ட முட்டாள் நான்.

நான் லீவு முடிந்து திரும்பிவிட்டேன். தனம் சில மாதம் அப்பாவோடு இருந்துவிட்டு வந்தாள். வந்தபிறகு ஊரிலிருந்து கடிதம் வரும்போதெல்லாம் அவள் பேச்சு முழுக்க அப்பாவின் முட்டியைப் பற்றித்தான். வலது முட்டி வீங்கி, அந்தக் குறுவைக்கும் அடுத்த தாளடிக்கும் அவரால் வயலில் இறங்க முடியவில்லை. வரப்பில் கம்பு ஊன்றி நின்றுகொண்டு, கூலிக்கு ஆள் விட்டு நட்டு அறுத்திருக்கிறார். இதை அவள் எங்கள் அடுப்படியில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே விசாலாட்சியிடம் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். விசாலாட்சி உச்சுக்கொட்டினார்.

"எங்கம்மாவுக்கும் இதே முட்டிதான். எங்க ஊர்ல ஒரு வைத்தியர் எண்ணெய் காய்ச்சுவாரு. நான் வரவழைச்சுத் தரேன், அப்பாவுக்கு அனுப்பு."

சொன்னபடி வரவழைத்தார். பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு புட்டி குத்தாலத்துக்குப் போயிற்று. மாமனார் தேய்த்தார். வீக்கம் வடிந்தது, அடுத்த குறுவைக்கு அவரே இறங்கினார். "பண்ணை வீட்டுச் சின்னம்மா நல்லா இருக்கணும்" என்று தேய்க்கும்போதெல்லாம் சொல்வாராம்.

இனி ஆபீஸ் விஷயம். எங்கள் கம்பெனி கமாண்டர் ஒரு மேஜர். எதிலும் உட்கார்ந்து கையெழுத்துப் போடமாட்டார். நாங்கள் தயாரித்த காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், வெளிச்சத்தில் பிடித்து, மெதுவான குரலில் வாய்விட்டுப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் திரும்பி, "சச் ஹை?" என்பார். உண்மையா? உண்மை சாப் என்றால் அடுத்த வாக்கியம். 'மிகவும்', 'பணிவுடன்' மாதிரி வார்த்தைகள் வந்தால் பேனாவால் ஒரு கோடு. கடைசியில் நின்றபடியே கையெழுத்து. அவரிடம் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு காகிதத்தில் கிளார்க்குக்குச் சொந்தச் சம்பந்தம் இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பிறகு தெரியவந்தால் தொலைந்தான்.

ஒரு நாள் சேது என் மேஜைக்கு வந்தான். ராணுவத்தில் பணியில் இருப்பதாகச் சான்று வேண்டும் என்றான். எதற்கு என்று கேட்டேன். கேட்டுத்தான் ஆகவேண்டும், காகிதத்தில் காரணம் எழுதவேண்டும்.

"நெலத்துக்கு" என்றான்.

நில உச்சவரம்பு வந்து, பண்ணையார்கள் நிலத்தைப் பிள்ளைகள் பேருக்குப் பிரித்து எழுதிக்கொண்டிருந்த காலம். அவன் அப்பா கோபத்தையெல்லாம் மறந்து இவன் பேருக்கும் ஒரு பகுதி எழுதியிருந்தார். எது என்று நினைக்கிறீர்கள்? அந்த ஆறு மாதான். பட்டாளத்தில் இருப்பவன் தன் நிலத்தைச் சொந்தச் சாகுபடிக்கு என்று குத்தகைதாரரிடமிருந்து திரும்பக் கேட்கலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. எல்லையில் உயிரைக் கொடுக்கிறவன் நிலத்தை இழக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த சலுகை. வில்வண்டியில் சிரித்த சிரிப்பின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"சேது, அது எங்க மாமனார் செய்யற நெலம்டா."

"தெரியாமலா வந்திருக்கேன்? நாலு பேர்ல நான் ஒருத்தன். இதை வாங்கிக்கலன்னா எனக்கு அங்க ஒரு பிடி மண்ணு கிடையாது. நான் அவரை நடுத்தெருவுல விட்டுடுவேனா? வேற எடம் பாத்துத் தரச் சொல்றேன்."

"எங்க?"

அவன் மேஜையிலிருந்த வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினான். "நீ டைப் பண்ணிக் குடு மாணிக்கம். மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சினேகிதனிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நான் டைப் செய்யாமல் மேஜர் முன்னால் போய் நின்றேன். இதில் எனக்குச் சம்பந்தம் இருக்கிறது சாப் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு கேட்டார்.

"இவன் பணியில் இருக்கிறானா? சச் ஹை?"

"சச் ஹை சாப்."

"நிலம் இவன் பேரில் இருக்கிறதா?"

"இருக்கிறது சாப்."

"அப்படியானால் இந்தக் காகிதத்தில் பொய் எங்கே?"

"பொய் எங்கேயும் இல்லை சாப்."

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதருக்கும் அந்த ஜன்னலைத் தாண்டித் தெரியாது. "நீ தொடாதே. வேறு கிளார்க் டைப் செய்யட்டும்" என்றார். வேறு கிளார்க் செய்தான். அவர் படித்தார், சச் ஹை என்று கேட்டார், கையெழுத்துப் போட்டார். வழக்கு நாள் வந்தபோது இரண்டு பேருக்கும் லீவு கொடுத்தார், ஒரே தேதியில். எங்கள் இருவருக்குமான ரயில் வாரண்டை, அதாவது இலவச டிக்கெட் வாங்கும் சீட்டை, நானே டைப் செய்தேன்.

தனத்திடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"அக்கா அழுவுறாங்க. அவங்க சொன்னா அங்க யாரு கேப்பா? மாமனார் போட்ட கோட்டத் தாண்ட முடியாதுன்னு அழுவுறாங்க. நான் என்னா சொல்றது? அழாதீங்கக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

இப்படித்தான் வாதியும் பிரதிவாதியின் மாப்பிள்ளையும் குடும்பத்தோடு ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், எதிரெதிர் பலகையில் ஊருக்கு வந்தோம். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். விசாலாட்சி எல்லாருக்குமாகப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தனம் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். எங்கள் மகளும் அவர்கள் மகனும் ஒரே போர்வைக்குள் தூங்கினார்கள். வழியில் சேது இறங்கி இரண்டு பெண்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். வழக்கைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கவில்லை. நானும் சேதுவும் சீட்டுக்கூட ஆடினோம். எழும்பூரில் வண்டி மாறிய பிறகு பேச்சு குறைந்தது. மாயவரம் தாண்டியபோது அறவே நின்றுபோயிற்று.

குத்தாலம் ஸ்டேஷனில் பண்ணை ஆள் வண்டியோடு நின்றிருந்தான். விசாலாட்சியின் மகன் தனத்தின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த ஆள் வந்து, "குடு இப்படி" என்று பையனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். விசாலாட்சி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நாங்கள் வாய்க்கால் கரையோடு நடந்தோம்.

ரெவின்யூ கோர்ட்டில் எங்களுக்கு நல்ல வக்கீல் அமைந்தார். பணியில் இருப்பவன் எப்படி வந்து சொந்தமாகச் சாகுபடி செய்வான், அவன் கடிதம் எழுதியா நாற்று நடப்போகிறான் என்று கேட்டார். அதிகாரிக்கும் அது சரியென்றே பட்டது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போதுதான் பண்ணை வக்கீல் வேறு வழியில் வந்தார். குத்தகைதாரர் என்று பாதுகாப்புக் கேட்கிறவர் தானோ தன் குடும்பத்தாரோ வயலில் உடலுழைப்புச் செய்திருக்கவேண்டும் என்பது சட்டம். இவர் ஆள் விட்டுச் சாகுபடி செய்தவர் என்றார்.

அதற்கு ஊரில் அவர்களுக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கவில்லை. அந்த இரண்டு போகமும் கூலிக்கு நட்ட பெண்கள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பண்ணை மிரட்டியும் திறக்கவில்லை. அந்த ஒற்றுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் வக்கீலுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. மாமனாரையே கூண்டில் ஏற்றி, குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"என்னங்க பெரியவரே, முட்டி எப்படி இருக்கு?"

"இப்ப தேவலாங்க."

"வலது முட்டிதானே?"

"ஆமாங்க."

"பேத்தி பொறந்து, மகள் வந்து இருந்துட்டுப் போனாளே, அந்த வருஷக் குறுவைக்கு நீங்க வயல்ல இறங்கினீங்களா?"

மாமனார் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் வக்கீல் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"இல்லீங்க. வீங்கிக் கெடந்தேன்."

"தாளடிக்கு?"

"அதுக்கும் முடியலீங்க. வரப்புல நின்னுதான் பாத்தேன்."

"ஒரு எண்ணெய் தேய்ச்சதுல சரியாச்சாமே?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க. பட்டுக்கோட்டை எண்ணெய்ங்க. எங்க சின்னம்மாதான் குடுத்தனுப்பினாங்க. அவங்க புண்ணியத்துலதான் எந்திரிச்சு நடமாடறேன்" என்று சேது உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

"குடும்பத்துல வேற யாரும் இறங்கினாங்களா? மகள்?"

"மக அதுக்குள்ள பட்டாளத்துக்குப் போயிடுச்சுங்க. மாப்ளகூட."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சேதுவும் நானும் ஒரே ராணுவம், ஒரே யூனிட், ஒரே சம்பளம். அவன் வடக்கே இருந்தது அவனுக்குச் சலுகை. என் மனைவி வடக்கே இருந்தது அவள் அப்பாவுக்குக் குற்றம். இதை விளங்கிக்கொள்ள எனக்கு இத்தனை வயதாகியும் முடியவில்லை.

கூண்டிலிருந்து இறங்கும்போதுதான் மாமனாருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். எந்த முட்டி, எந்தப் போகம், எந்த எண்ணெய் என்பதெல்லாம் இவர்களுக்கு எப்படித் தெரியும்? சுவரோரம் குழந்தையோடு நின்ற தனத்தைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வெறுமனே பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்றேன். "வேணாம் மாப்ளே. நான் சொன்னது நெசந்தானே" என்றார். அடுத்த குறுவைக்கு அந்த வயலில் பண்ணை ஆட்கள் இறங்கினார்கள். அவர் அதற்குப் பிறகு அந்த வாய்க்கால் பக்கமே போகவில்லை. குளிக்கக்கூடச் சுற்றிக்கொண்டு வேறு துறைக்குப் போனார். மூன்றாம் வருஷம் போய்ச் சேர்ந்தார்.

லீவு முடிந்து திரும்பும்போது தனம் வரவில்லை, அப்பாவோடு இருந்துவிட்டாள். மறுபடி ஒரே பெட்டியில் அவர்கள் இருவரோடும் நான் தனியாக வந்தேன். விசாலாட்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே வந்தார். சேது தானாகச் சொன்னான். எண்ணெய் வரவழைத்தது யாருக்கு என்று சாப்பிடும்போது இவன் கேட்டிருக்கிறான், விசாலாட்சி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். லீவில் போனபோது இவன் அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். "பேச்சுவாக்குலதான்டா" என்று இரண்டு தடவை சொன்னான். எனக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. அவன் நீட்டிய வெற்றிலையையும் வாங்கவில்லை.

மேஜரிடம் மாற்றல் கேட்டேன். காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார், அந்த ஒரு தடவை வாய்விட்டுப் படிக்காமல். அதன்பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ குவார்ட்டர்ஸ். தனம் எல்லா இடத்திலும் எல்லாருக்கும் உதவினாள். பிரசவத்துக்குக் கூட நின்றாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் தன் வீட்டுச் சங்கதி என்று ஒரு வார்த்தை யாரிடமும் பேசமாட்டாள். ஊரில் அப்பா சௌக்கியமா என்று யாராவது கேட்டால், "இருக்காங்க" என்று அடுப்படிக்குள் போய்விடுவாள். அவர் செத்த தந்தி வந்தபோதுகூடப் பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. பேசிப் பேசியே என் வீட்டை நிறைத்திருந்த பெண் அவள். அவள் வாயை மூடவைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் சுபேதாராக ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு ஒரு நாள் சேதுவும் விசாலாட்சியும் வந்தார்கள். அவன் எனக்கு முன்பே வெளியே வந்து குத்தாலத்தில் உரக்கடை வைத்திருந்தான். சொந்தச் சாகுபடிக்கு என்று வழக்குப் போட்டு வாங்கிய நிலத்தில் அவன் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அண்ணன் தம்பிகள் சண்டையில் எல்லாம் விற்பனைக்கு வந்திருந்தது.

"வெளியாளுக்குப் போறதுக்கு முன்னாடி உன்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணிச்சு மாணிக்கம். உன் மாமனார் செஞ்ச நெலம். மொத உரிமை உங்களுக்குத்தான்."

பொய் சொல்லமாட்டேன், எனக்கு ஆசை வந்தது. தனத்தைப் பார்த்தேன். அவள் விசாலாட்சிக்கு, அவர் கேட்டபடி, சர்க்கரை போடாத காபியைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்கப்பா அந்த வயல்ல ஒழைக்கவே இல்லைன்னு தீர்ப்பு எழுதிட்டாங்களே. அவர் ஒழைக்காத வயலு எங்களுக்கு எதுக்குங்க?"

சேது என்னைப் பார்த்தான். விசாலாட்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தனம், நான் வேணும்னு சொல்லலடி. உனக்கே தெரியும்."

"தெரியும்க்கா. வேணும்னு சொல்லியிருந்தா வாய் நெறையத் திட்டிட்டு அப்பவே மறந்திருப்பேன். என்னையும் என் புள்ளையையும் பொழைக்க வச்சவங்க நீங்க. ஒங்கள நான் எப்படித் திட்டறது? எங்கப்பன் முட்டிய ஒங்ககிட்ட சொன்னது நான்தானே. அந்த மனுஷன் சாவுற வரைக்கும், ஏன் சொன்னேன்னு என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். அங்க பேசறதுக்கு எனக்கு வேற யாரும் இல்லப்பான்னு சொல்லியிருப்பேன்."

விசாலாட்சி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தனம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவளாக அந்தக் கையைப் பிடிக்கவும் இல்லை.